வருந்துதலும் இரங்குதலும்: துயர் உணர்த்தும் ஆங்கிலச் சொற்களும் தமிழ் வழக்கும்

ஆங்கிலத்தில் 'சாரி' என்னும் ஒரு சொல் மூன்று தொழில் புரிகின்றது. தனக்கு நேர்ந்த துன்பத்தைச் சொல்வதற்கும், பிறர்க்கு நேர்ந்த துன்பத்திற்கு உடன்வருந்துவதற்கும், தான் செய்த பிழைக்குப் பொறுதி வேண்டுவதற்கும் அவ்வொரு சொல்லே அமைகின்றது. தந்தையை இழந்தவனிடத்துச் சொல்லப்படுவதும் அதுவே; பேருந்தில் ஒருவன் காலை மிதித்துவிட்டுச் சொல்லப்படுவதும் அதுவே. தமிழில் இம்மூன்றும் வெவ்வேறு சொற்களால் உணர்த்தப்பட்டு வந்தன. அச்சு, சமயம், நீதிமன்றம், அலுவலகம் ஆகியவற்றின் வழியாக அவ்வேறுபாடு எங்ஙனம் மங்கியது, எவ்விடத்து இன்னும் மங்காது நிற்கின்றது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆராய்ச்சிக்கு நிலைக்களமாக இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை செல்லும் வடசென்னைக் கரையைக் கொள்கின்றோம். அதன் உட்புறத்தே, மணலித் தொழிற்சாலைகளுக்கும் எண்ணூர்க் கழிக்கும் இடைப்பட்ட பகுதியில் உள்ளது சடையங்குப்பம். 2011-ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சியின் எல்லை விரிந்தபொழுது அது மணலி மண்டலத்துட் சேர்ந்தது. பூண்டி நீர்த்தேக்கத்தினின்று உபரிநீர் திறக்கப்படுங்கால் கொசத்தலையாற்று வெள்ளம் சூழும் ஊர்களுள் அதுவும் ஒன்று. 2021-ஆம் ஆண்டு நவம்பர் மழையிலும் அவ்வாறே சூழப்பட்டது. 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்சாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியே பரவி எண்ணூர்க் கழியில் படிந்தது. மீனவர் வலையும் படகும் கறுத்தன. இத்தகைய வேளைகளில் ஒருவர்க்கொருவர் சொல்லும் சொல் யாது, அலுவலகமும் ஆலையும் மக்களுக்குச் சொல்லும் சொல் யாது என்னும் வினா இக்கரையில் வெறும் அகராதி வினாவாக நின்றுவிடுவதில்லை.

இங்குச் சாலை தோண்டுமிடந்தோறும் ஒரு பலகை நிற்கும். அதில் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்றிருக்கும். 1975-ஆம் ஆண்டு சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிய பின்னர், ஒளிபரப்பு அறுந்த போதெல்லாம் திரையில் நின்றதும் இத்தொடரே. ஒரு தலைமுறையார் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் தொடர்களுள் அதுவும் ஒன்று எனின் மிகையாகாது. ஆங்கிலத்தில் 'ரிக்ரெட்' என்னும் சொல்லைக் கொண்டு அலுவலகத்தார் எழுதும் வாய்பாட்டின் பெயர்ப்பே அது. பெயர்ப்பிற் பிழையில்லை, அகராதிப்படி 'ரிக்ரெட்' என்பதற்கு வருந்துதல் எனல் பொருந்தும். ஆயினும் அதனைப் படிக்கும் தமிழ்ச் செவிக்கு ஏதோ ஒன்று பொருந்தாமல் நிற்கின்றது. அஃது யாதெனக் காண்டல் வேண்டும்.

முதற்கண் ஆங்கிலச் சொற்களின் பிறப்பை நோக்குவோம். 'சாரி' என்பதும் துயரம் என்னும் பொருளுடைய 'சாரோ' என்பதும் ஒரு வேரிற் பிறந்தன போலத் தோன்றும். ஆயின் அவை வெவ்வேறு குடியின. 'சாரி' என்பது புண், நோவு எனப் பொருள்படும் 'சோர்' என்னும் சொல்லின் உடன்பிறப்பு. 'சாரோ' என்பதோ கவலை எனப் பொருள்படும் வேறொரு பழஞ்சொல்லின் வழிவந்தது. செருமானிய மொழியில் அதன் இனச்சொல் 'சோர்கெ' என நின்று இன்றும் கவலையையே உணர்த்துகின்றது. ஒலி நெருக்கத்தால் இரண்டும் காலப்போக்கில் ஒன்றையொன்று பற்றிக்கொண்டன. இடைக்காலத்தில் 'சாரி' என்பதற்கு இழிந்தது, இரங்கத்தக்க நிலையில் உள்ளது என்னும் பொருளும் ஏறியது. பிழை செய்தவன் சொல்லும் ஒற்றைச் சொல்லாக அது தனித்து நிற்பது கடந்த ஓரிரு நூற்றாண்டுக் கால வழக்கேயாம். ஆகவே அச்சொல் தொடக்கத்தில் பிழையைக் குறித்ததன்று. சொல்லுவோன் நெஞ்சின் நோவையே குறித்தது.

'ரிக்ரெட்' என்பதன் வரலாறு இதனினும் வியப்புடையது. பழைய பிரெஞ்சு மொழியில் அதன் மூலம் இறந்தாரை நினைந்து அரற்றுதல் என்னும் பொருளது. நம் இலக்கண நூலார் கையறுநிலை எனக் கூறிய துறையின் பொருளே அது. பிணத்தருகே நின்று அரற்றிய சொல், நூற்றாண்டுகள் செல்லச்செல்ல மெலிந்து, வேண்டிய பணியிடம் இல்லை என்று தெரிவிக்கும் கடிதத்தின் முதல் வரிக்கு வந்து சேர்ந்தது. இவ்வளவு தொலைவு இறங்கிய சொல் பிறிதொன்று இருத்தல் அரிது.

'அபாலஜி' என்பது கிரேக்கத்தில் குற்றஞ்சாட்டப்பட்டவன் தன் கட்சியை நிலைநாட்டிப் பேசும் எதிர்வாதம். பிளேட்டோ எழுதிய சாக்ரட்டீசின் 'அபாலஜி'யில் பொறுதி வேண்டல் எங்கும் இல்லை. நீதிமன்றத்தார்க்கு இடித்துரைத்தலே உண்டு. பதினாறாம் நூற்றாண்டின் இறுதி வரையில் ஆங்கிலத்திலும் அச்சொல் தற்காப்புரை என்ற பொருளிலேயே பெரிதும் வழங்கியது. ஏனைய சொற்களை ஒரு நோக்காக நோக்கிச் செல்லலாம். 'ரிமார்ஸ்' என்பது மீளக் கடித்தல். 'கன்ட்ரிஷன்' என்பது அரைபட்டுப் பொடியாதல். 'கிரீஃப்' என்பது பளு. 'கண்டோலன்ஸ்' என்பது உடன் நோதல். எல்லாம் உடலிற் பட்ட நோவிலிருந்து உள்ளத்திற்கு ஏறியவை.

இனித் தமிழ்ச் சொற்களுக்கு வருவோம். 'வருத்தம்' என்பதற்கு முதற்பொருள் உடல் வருத்தம், உழைப்பின் அயர்வு. திருக்குறள் 619-ஆம் பாவில் 'மெய்வருத்தம்' என்பது முயற்சியையே குறித்தல் காண்க. வருந்து என்பது தன்வினை. வருத்து என்பது பிறவினை. இவ்விரண்டும் ஒரு வேரின் இரு கைகள். ஒருவன் வருத்தினான் எனின் மற்றொருவன் வருந்தினான் என்பது பெறப்படும். இலக்கணம் இங்கே ஒரு நீதியையும் உடன்சொல்கின்றது: வருத்தியவனும் வருந்தியவனும் இருவேறு ஆட்கள். பலகையில் 'வருந்துகிறோம்' என எழுதினோர் வருத்தினோரேயாவர். தன்வினைக்கு எழுவாயாதற்கு உரியவர் சாலையைச் சுற்றிச் சென்றோரும் வீட்டு வாயிலில் பள்ளம் தோன்றப் பெற்றோருமேயன்றோ? தமிழ்ச் செவிக்குப் பொருந்தாது நின்றது இதுவே. வருத்தியவர் வருந்துதல் ஆகாதோ எனின், ஆகும். ஆயின் அதற்குத் தமிழ் வேறு சொல் வைத்திருந்தது.

அச்சொல் இரங்கல். தொல்காப்பியர் உரியியலில் அதனை முதற்கண் ஒலி குறித்த சொற்களோடு சேர்த்து வைத்து, அடுத்த நூற்பாவில் கழிந்துபோன பொருள் பற்றியும் அது வரும் என்றார். கடல் இரங்கும், முரசு இரங்கும் என்பன சங்கச் செய்யுளிற் பயின்ற வழக்குகள். அகத்திணையில் ஐந்து உரிப்பொருள்களுள் இரங்கலை நெய்தற்கு உரித்தாக்குவர் உரையாசிரியர். கடற்கரையின் ஓயாத ஒலியும் அக்கரையிலிருந்து கழிந்ததை நினைந்து ஏங்கும் உள்ளத்தின் ஒலியும் ஒரே சொல்லில் அடங்கியமை தற்செயலன்று என்பது எம் துணிபு. எண்ணூர்க் கரையில் ஓர் இரவு தங்கியவர்க்கு இதற்குச் சான்று வேண்டியதில்லை. இடையியலில் 'மன்' என்னும் இடைச்சொற்குக் கூறிய பொருள்களுள் கழிவு முதலாவதாக நிற்பதும் ஈண்டு உடன்வைத்து எண்ணத்தக்கது. கழிந்ததற்கு இரங்குதலைத் தனியொரு பொருளாகக் கண்டு அதற்கு உரிச்சொல்லும் இடைச்சொல்லும் வகுத்த இலக்கணம் இது.

இரங்கல் பிறர் துன்பத்திற்கும் ஆகும். தன் இழப்பிற்கும் ஆகும். தன் வினைக்கும் ஆகும். இம்மூன்றாவது பயன்பாட்டிற்குத் திருக்குறளில் வினைத்தூய்மை அதிகாரத்து 655-ஆம் பா சிறந்த சான்று. யாது செய்துவிட்டேன் எனப் பின்னர்த் தானே நினைந்து இரங்குதற்குரிய வினைகளைச் செய்யற்க என்பது அதன் முற்பகுதியின் கருத்து. பிற்பகுதியிற்றான் உரை வேறுபடுகின்றது. ஒருகால் மயங்கிச் செய்துவிட்டானாயின், பின் இருந்து அவ்விரங்கல்களைச் செய்யாமை நன்று என்பர் பரிமேலழகர். அத்தகைய வினையை மீண்டும் செய்யாமை நன்று எனப் பொருள் கொள்வாரும் உளர். முன்னைய உரைப்படி, செய்தபின் இரங்குதலால் வினைத்தூய்மை மீளாது. பின்னைய உரைப்படி, இரங்குதலுக்கு மெய்ச்சான்று மறுமுறை செய்யாமையே. பரிமேலழகர் உரை சொன்முறைக்கு இயைந்ததாயினும், அதிகாரத்தின் நோக்கிற்குப் பின்னைய உரையே பொருந்தும் என எமக்குத் தோன்றுகின்றது. எவ்வுரையைக் கொள்ளினும் ஒன்று தெளிவு: இரங்குபவனே வினைசெய்தவன். எழுவாய் மாறவில்லை.

மெய்ப்பாட்டியலில் அழுகைக்குத் தொல்காப்பியர் கூறும் நிலைக்களன் நான்கு: பிறரால் இகழப்படுதலாகிய இளிவு, தந்தையும் தாயும் முதலாயினாரையும் பொருளையும் இழத்தலாகிய இழவு, அசைவு, வறுமை. அசைவு என்பதனைப் பண்டை நிலைமை கெட்டு வேறாகி வருந்துதல் என விளக்குவர் பேராசிரியர். மீன்பிடித்துறை ஆலைத்துறையாக மாறிய கரைகளில் இவ்வசைவு என்னும் சொல்லின் பொருளை மாணாக்கர்க்கு விளக்குதல் எளிது. நான்கனுள் ஒன்றேனும் தன் குற்றம் பற்றி வரவில்லை என்பதையும் நோக்குக. தன் பிழைக்கு அழுதலைத் தொல்காப்பியர் அழுகையுள் வையாது விட்டார். அது கழிந்ததற்கு இரங்குதலின் பாற்பட்டது. (இந்நான்கனுள் 'இழவு' இன்றும் பேச்சில் எஞ்சிநிற்கின்றது. அதுவும் 'எழவு' எனத் திரிந்து, பாதி வசைச்சொல்லாய்ப் போயிற்று.)

தன் பிழைக்கு இரங்குதல், பிழைபட்டாரிடம் வேண்டுதல் ஆகிய இரண்டும் ஒருங்கு நிகழ்ந்த வரலாறு ஒன்று இக்கரைக்கே உரியது. அது சுந்தரர் திருவொற்றியூரிற் செய்த சூளுறவு. ஞாயிறு என்னும் ஊரிற் பிறந்து ஒற்றியூர்க் கோயிலில் மலர்த்தொண்டு புரிந்த சங்கிலியாரை அவர் மணந்தார். பிரியேன் எனச் சூளுரைத்தே மணந்தார். சூளைக் கருவறையில் உரைத்தால் பின்னர் இடர்ப்பாடு என்று கருதி, இறைவனை அவ்வேளை மகிழ மரத்தடியில் எழுந்தருள வேண்டினார். இறைவனோ சங்கிலியார்க்கு அதனை உணர்த்தி, மகிழடியிலேயே சூளுரைக்கச் செய்தான் என்பது சேக்கிழார் கூறும் வரலாறு. மாசித் திருவிழாவில் மகிழடி சேவை என இது இன்றும் ஒற்றியூரில் நிகழ்த்திக் காட்டப்பெறுகின்றது. பின்னர்த் திருவாரூர் வசந்த விழா நினைவு மேலிட ஒற்றியூர் எல்லையைக் கடந்தார். கடந்த அளவில் இரு கண்ணும் ஒளியிழந்தன. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் ஒன்று கிடைத்தது. காஞ்சியில் ஒரு கண்ணும், ஆரூரில் மற்றைக் கண்ணும் ஒளி பெற்றன.

இவ்வழியில் அவர் பாடிய பதிகங்களைச் சொல்லாராய்ச்சி நோக்கிற் படிப்பார்க்கு ஒன்று விளங்கும். அவர் தம் துன்பத்தைக் கூறுகின்றார், இறைவனோடு வழக்கிடுகின்றார், ஆயின் தம் செயலைத் 'தடங்கல்' என்றோ 'நிகழ்வு' என்றோ மழுப்புவதில்லை, பிழை என்றே கூறுகின்றார். திருவெண்பாக்கப் பதிகத்தின் முதற்பாவில் பிழை என்பதும் பொறுத்தல் என்பதும் இணைந்தே வருகின்றன. பிழை செய்தால் பொறுப்பர் என்னும் துணிவே தம்மைப் பிழை செய்வித்தது என்ற கருத்து அங்கே அமைந்துள்ளது. பொறுத்தருளும் ஒருவர் உளர் என்பதே பிழைக்கு வித்தாதல் கூடும் என்னும் இவ்வுளவியல் நுட்பத்தை ஒரு பக்திப் பாடலிற் காண்பது அரிது. வேண்டியதற்குக் கிடைத்த விடையும் கண்ணன்று, கோல். பொறுத்தல் என்பது விளைவை முற்றும் நீக்குதலன்று என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது. அவ்வெண்பாக்கம், 1944-இல் கட்டி முடிக்கப்பெற்ற பூண்டி நீர்த்தேக்கத்தினுள் மூழ்க, கோயில் பெயர்த்து வேறிடத்து எடுக்கப்பெற்றது. சடையங்குப்பத்தைச் சூழும் வெள்ளம் அத்தேக்கத்தினின்றே வருவது.

பொறுத்தல் என்னும் வினைச்சொல்லின் அடிப்பொருள் சுமத்தல். திருக்குறளிற் பொறையுடைமை பதினாறாம் அதிகாரம். ஆகவே 'பிழை பொறுக்க' என்று வேண்டுவோன், தான் ஏற்றிய சுமையை எதிரிலுள்ளான் சுமப்பதை ஒப்புக்கொள்கின்றான். 'சாரி' என்பது சொல்லுவோன் நோவைக் கூறுவது. 'பொறுக்க' என்பதோ கேட்போன் தோளைக் கூறுவது.

பொறுத்தலின் இடத்தை இன்று மன்னித்தல் பெரிதும் கவர்ந்துகொண்டது. இது பிற்கால வழக்கு. மன்னிப்பு என்பது உருதுச் சொல் என்பாரும் உளர். அது பொருந்துமாறில்லை, உருதுவில் வழங்குவது அரபியினின்று வந்த 'மாஃபி'. தெலுங்கில் 'மன்னிஞ்சு' என்பதும் கன்னடத்தில் 'மன்னிசு' என்பதும் மதித்தல், பொறுத்தல் என்னும் பொருள்களில் வழங்குதல் நோக்க, அம்மொழிகளோடு ஒட்டிய வழக்காகவே இதனைக் கொள்ளுதல் தகும். மேலோன் ஒருவன் இசைந்து ஏற்றுக்கொள்ளுதல் என்னும் சாயல் இதற்கு உண்டு. சுமை என்னும் கருத்து இதில் இல்லை.

இம்மாற்றத்தைக் காண்பதற்குத் தேவாலயங்களின் தமிழ் நல்ல கருவி. 1580-ஆம் ஆண்டு கொச்சியில் என்றீக்கே என்றீக்கசு பாதிரியார் அச்சிட்ட 'கொம்பெசியொனாயரு' பாவம் உரைத்தல் பற்றிய கையேடு. தமிழில் அச்சேறிய முதல் நூல்களுள் ஒன்று, ஒருவன் தன் பிழையை எங்ஙனம் சொல்வது என்பதற்கென்றே எழுந்தது. கத்தோலிக்கத் தமிழில் 'கன்ட்ரிஷன்' என்பதற்கு 'மனஸ்தாபம்' என்றும், அதன் முற்றிய நிலைக்கு 'உத்தம மனஸ்தாபம்' என்றும் சொல் அமைந்தது. பாவம் நீங்குதற்குப் 'பாவப் பொறுத்தல்' என்றனர். ஏசுநாதர் கற்பித்த மன்றாட்டின் பழைய கத்தோலிக்கப் பெயர்ப்பில் பொறு என்னும் வினையே வந்தது. சீர்திருத்தச் சபையாரின் தமிழ் விவிலியத்தில் மன்னி என்னும் வினை வந்தது. முன்னையது இராயபுரத்துப் புனித இராயப்பர் கோயிலில் படகோட்டிகளும் மீனவரும் ஓதியது. பின்னைய மரபிற்குச் சென்னையில் நிலைக்களமாயிருந்தது வேப்பேரி. 1761-இல் புதுச்சேரியிற் கைப்பற்றப்பெற்ற அச்சுப்பொறி அங்கே கொணரப்பட்டது. பெப்ரீசியசு 1779-இல் தம் தமிழ்–ஆங்கில அகராதியை வெளியிட்டதும் அங்கேதான். சில கல் தொலைவிற்குள் ஒரே மன்றாட்டு இரு வினைச்சொற்களால் ஓதப்பட்டது. இன்று கத்தோலிக்கரும் திருத்திய பெயர்ப்பில் மன்னி என்பதையே மேற்கொண்டனர். 'பாவப் பொறுத்தல்' என்பது 'பாவ மன்னிப்பு' ஆயிற்று. முதியோர் நாவில் மட்டும் பழஞ்சொல் நிற்கின்றது. திருத்தியோர் எளிமை கருதினர் போலும். சுந்தரரோடு இருந்த சொற்றொடர்பு இவ்வாறு அறுந்தது.

மேற்கூறிய மனஸ்தாபம் என்னும் சொல்லுக்கு நேர்ந்ததும் கருதத்தக்கது. ஆதியாகமம் ஆறாம் அதிகாரத்தில், மனிதரைப் படைத்ததற்காக இறைவன் கொண்ட உள்ளத்துயரை அச்சொல்லே குறிக்கின்றது. தெருவிலோ அச்சொல்லுக்கு இருவரிடை நேர்ந்த மனக்கசப்பு என்பதே பொருள். 'அவர்கட்குள் மனஸ்தாபம்' என்றால் இருவரும் பேசிக்கொள்வதில்லை என்பது கருத்து. தன் நெஞ்சைச் சுட்ட தாபம் பிறர்மேற் கொண்ட தாபமாயிற்று.

இதனோடு வேறு இரு வடசொற்களையும் வைத்துக் காண்க. 'பச்சாத்தாபம்' என்பது வடமொழியில் பின்னர்ச் சுடுவது, அஃதாவது செய்த பின்னர் வரும் கழிவிரக்கம். தமிழ்ப் பேச்சில் அது பிறர்மேற் கொள்ளும் பரிவாயிற்று. ஏழைமேல் பச்சாதாபம் கொள்கின்றனர். 'அனுதாபம்' என்பதும் வடமொழியில் கழிவிரக்கமே. தமிழில் இரங்கற் செய்தியின் சொல்லாயிற்று. தன் பிழையை நோக்கிச் சுட வேண்டிய மூன்று தாபங்களுள் இரண்டு பிறர் துன்பத்தை நோக்கியும் ஒன்று பிறர் குற்றத்தை நோக்கியும் திரும்பிவிட்டன. தன்னைச் சுடும் நெருப்பைக் கையில் வைத்திருத்தல் எளிதன்று. 'கழிவிரக்கம்' என்னும் தூய தமிழ்த் தொடரும் இன்று இதே வழியிற் செல்கின்றது. தன் வினைக்கு இரங்குதல் என்பது போய்த் தன்மேல் தானே பரிந்துகொள்ளுதல் என்னும் பொருளில் எழுத்தாளர் பலர் அதனை ஆள்கின்றனர். ஆகவே குற்றத்தை ஆங்கிலத்தின் மேல் மட்டும் சுமத்துதல் நேர்மையாகாது. செய்தவனைச் சுட்டும் சொல் செய்யாதவன் பரிவைச் சுட்டும் சொல்லாக நழுவுதல் ஆங்கிலம் வருமுன்னரும் வந்த பின்னரும் தமிழில் நிகழ்ந்துள்ளது. ஆங்கில அலுவலக வழக்கு அந்நழுவலுக்கு முத்திரையிட்ட தாள் ஒன்றைக் கொடுத்தது.

முத்திரையின் வலிமை அரசுகளின் சொல்லில் நன்கு விளங்கும். ஆஸ்திரேலியத் தொல்குடியினர் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்தமை பற்றிய வழக்கில், 1999-ஆம் ஆண்டு அந்நாட்டுப் பாராளுமன்றம் நிறைவேற்றிய தீர்மானத்தில் 'ரிக்ரெட்' என்பதே இருந்தது; 'சாரி' என்பது தவிர்க்கப்பட்டது. அத்தவிர்ப்பே ஒரு பெரும் பூசலாயிற்று. 2008-ஆம் ஆண்டு பிப்ரவரி 13-ஆம் நாள் தலைமையமைச்சர் கெவின் ரட்டு அச்சொல்லைச் சொன்னார். சாலியன்வாலா பாக்கில் 1919-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள் நிகழ்ந்த படுகொலை பற்றி, நூற்றாண்டு நிறைவிற்கு மூன்று நாள் முன்னர், 2019-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள் பிரித்தானியத் தலைமையமைச்சர் தெரேசா மே மக்களவையிற் பேசியபொழுது 'ரிக்ரெட்' என்றார், 'அபாலஜி' என்றாரில்லை. தமிழ் நாளிதழ்களின் நடையில் இத்தகைய செய்தி, வருத்தம் தெரிவித்தார், ஆயின் மன்னிப்புக் கேட்கவில்லை என்னும் வடிவு கொள்ளும். நாளிதழ்த் தமிழ் நுட்பமற்றது என நாம் அடிக்கடி குறைகூறுகின்றோம். இவ்விடத்தில் அது மிக நுட்பமாகவே நிற்கின்றது. வருத்தமும் மன்னிப்பும் வேறு என்பது அதற்குத் தெரியும்.

நீதிமன்றத்திற்கும் தெரியும். 1971-ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, குற்றம் செய்தவன் நீதிமன்றம் நிறைவுறும் வகையில் 'அபாலஜி' கூறினால் தண்டனையினின்று விடுவிக்கலாம் என்கின்றது. 'ரிக்ரெட்' கூறினால் என்று அச்சட்டம் கூறவில்லை. கனடாவின் பிரித்தானியக் கொலம்பிய மாநிலத்திலோ 2006-ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. ஒருவன் 'சாரி' எனச் சொல்லிய காரணத்தால் மட்டும் அவன் பொறுப்பை ஒப்புக்கொண்டதாகக் கொள்ளலாகாது என்பது அதன் கருத்து. சொல்லையும் பொறுப்பையும் பிரித்துவிட்டால் மக்கள் தயங்காது சொல்லுவர் என்பது சட்டம் செய்தோர் எண்ணம். பொறுப்பு என்னும் நம் சொல்லே பொறு என்னும் அடியிற் பிறந்தது. பொறுப்பில்லாத பொறுதி வேண்டல் என்பதைத் தமிழிற் சொல்ல முயன்றால் சொல்லே முரணுகின்றது. ஆங்கிலத்தில் அம்முரண் தோன்றாமைக்குக் காரணம், 'சாரி' தன் பிறப்பிலேயே பொறுப்பைச் சுமவாத சொல் என்பதாம்.

இனிப் பேச்சு வழக்கு. வடசென்னைத் தெருக்களில் 'சாரிப்பா' என்பது எல்லார் வாயிலும் உண்டு. ஆயின் ஆங்கிலச் சொல்லின் மூன்று பொருள்களுள் ஒன்றை மட்டுமே அங்குள்ளோர் கடன் வாங்கினர். சிறு பிழைக்குச் சொல்லுவர். சாவு வீட்டிற் சொல்லார். பெரும் பிழைக்கும் அது போதாதெனக் கருதி 'மன்னிச்சிக்கோ' என்பர். அதனினும் நெருங்கிய உறவாயின் 'தப்பா நெனச்சிக்காதே' என்பர். கடைசித் தொடர் தன் நோவையும் கூறவில்லை, தன் பிழையையும் கூறவில்லை. எதிரிலுள்ளான் நெஞ்சில் தன்னைப் பற்றி நிற்கும் எண்ணத்தையே காக்க முயல்கின்றது. இதற்கு ஈடான ஆங்கிலத் தொடர் யாதென மாணாக்கரைப் பெயர்க்கச் சொன்னால் வகுப்பு நெடுநேரம் அமைதியாக இருக்கும்.

சாவு வீட்டிற்குச் செல்வதை இப்பகுதியில் 'துக்கம் கேக்கப் போறது' என்பர்; விசாரிக்கப் போதல் என்றும் கூறுவர். தென்மாவட்டங்களில் 'கேதம் கேட்டல்'. ஆங்கிலத்தில் 'கண்டோலன்ஸ்' கூறப்படுவது, அனுப்பப்படுவது. தமிழில் துக்கம் கேட்கப்படுவது. சென்றவர் சொல்ல வேண்டிய வாய்பாடு ஒன்றும் இல்லை. எப்படி ஆயிற்று, எப்பொழுது, அருகில் யார் இருந்தனர் என வினவுவர். இழந்தவரே பேசுவர், வந்தவர் கேட்பர். பெண்டிர் தோள்பிணைத்து ஒப்பாரி வைப்பர்; இரவில் இளைஞர் மரண கானா பாடுவர். வந்தவர் வாய்திறந்து 'வருந்துகிறேன்' என்று கூறுதல் அங்கே ஒரு கடிதத்தை உரக்கப் படித்தது போலிருக்கும். ஆழ்ந்த இரங்கல் என்பதும், சட்டமன்றத்து இரங்கல் தீர்மானம் என்பதும் அச்சிலும் மேடையிலும் நிற்பவை. இறப்பு நேர்ந்த வீட்டின் திண்ணைக்கு அவை இன்னும் வரவில்லை.

இவ்வழக்கை நோக்க, வெள்ளம் வடிந்த பின்னரும் கழியில் எண்ணெய் படிந்த பின்னரும் இக்கரை மக்கள் அலுவலரிடம் எதிர்பார்ப்பது எச்சொல் என்பது ஓரளவு புலனாகும். எப்படி ஆயிற்று என அவர்கள் வினவப்பட வேண்டும். யாரால் ஆயிற்று என அவர்கட்குச் சொல்லப்பட வேண்டும். 'வருந்துகிறோம்' என்னும் சொல் இவ்விரண்டனுள் ஒன்றையும் செய்வதில்லை. அலுவலகத் தமிழுக்குச் சொற்பட்டியல் வகுப்போர் 'ரிக்ரெட்' என்பதற்கு ஒரே சொல்லை நிறுத்தாமல், பிறரால் நேர்ந்ததற்கு வருந்துதல், தம்மால் நேர்ந்ததற்குப் பிழை பொறுக்க வேண்டுதல் என இரண்டாகப் பிரித்து வைப்பாராயின், எழுதுகின்ற எழுத்தர் ஒவ்வொரு முறையும் இரண்டனுள் ஒன்றைத் தேர்ந்தேயாக வேண்டும். எழுத்தர்க்கு அத்தேர்வு இடர் தரும். மேலதிகாரியைக் கேளாமல் அவர் அதனைச் செய்ய இயலாது. மேலதிகாரியும் விடை கூறியாக வேண்டும்.

காசிமேடு தொடங்கி எண்ணூர்க் குப்பங்கள் வரை வழங்கும் ஒப்பாரிகளில் இறந்தாரை நோக்கி, உயிரோடிருந்த காலத்துச் செய்த குறைக்கு இரங்கிப் பாடும் பகுதிகள் உண்டு. உணவு பரிமாறாது போனதும், கடுஞ்சொல் சொன்னதும், மருத்துவமனைக்கு நேரத்திற் கொண்டுசெல்லாததும் அவற்றில் எண்ணி எண்ணிச் சொல்லப்படும். அவ்விடங்களில் வரும் வினைச்சொல் பொறு என்பதா, மன்னி என்பதா, அன்றி வினையே இன்றிப் பிழைகளின் பெயர்களே நிற்கின்றனவா என்பதைப் பதிவு செய்து தொகுத்தல் ஆராய்ச்சி மாணாக்கர் உடனே மேற்கொள்ளத்தக்க பணி. அவற்றை அறிந்த மூதாட்டியர் தொகை ஆண்டுதோறும் குறைந்துவருகின்றது.